கோலமாவுச் சுவர்

கைப்பேசியில் பார்த்த இத்தாலி வீட்டைப் போல வெள்ளைத் தரை போட வேண்டும் என்று மகள் கேட்டதும் வீட்டுக்கார அக்கா முதலில் பீரோவிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் விரித்தார். காற்றில் பறக்காதிருக்க மூலைக்கொன்றாகக் குக்கரையும் குடத்தையும் இரண்டு செங்கற்களையும் வைத்தார்.

"இதான் டைல்ஸு. யாரும் ஓரமா போவக்கூடாது. எல்லாரும் இது மேலதான் நடக்கணும்" என்றார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தத் தெருவில் காற்றோடு ஒரு கரித்தூள் வந்து இறங்கும். எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று எவரும் உறுதியாகச் சொன்னதில்லை. கொடியில் காயும் துணியைத் தட்டினால் விரலில் ஒட்டும். மொட்டைமாடியில் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் கறுக்கும். மறுநாள் மாலை அந்த விரிப்பில் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும், அடுப்படியிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டி வரைக்கும் மனிதர்கள் நடந்த தடம் சாம்பல் நிறத்தில் பதிந்திருந்தது. அக்கா அதை இரு கைகளாலும் தூக்கி மகளின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாத்தியா உன் இத்தாலி ஊட்ட?"

"மாப் போட்டா போய்டும்மா."

"அப்ப போடு. டம்மியிலயே போட்டுக் காட்டு."

மகள் மாப்பைத் தொடவில்லை. வெள்ளைத் தரை என்ற யோசனை அந்த மாலையோடு கைவிடப்பட்டது.

'டம்மி' என்பது அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் புழங்கிய சொல். எதையும் இடிப்பதற்கு முன்னால், வாங்குவதற்கு முன்னால், பூசுவதற்கு முன்னால் அதன் பொய்யுருவம் ஒன்றைச் செய்து, அதோடு சில நாட்கள் வாழ்ந்து பார்ப்பது அக்காவின் வழக்கம். கட்டில் வாங்க நினைத்தபோது அதன் நீள அகலத்துக்குச் செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் பரப்பினார். இரண்டு வாரம் வீட்டார் அந்தச் செய்திகளை மிதிக்காமல் சுற்றி நடந்தார்கள். அடுப்படியில் ஜன்னல் திறக்கலாமா என்று யோசித்தபோது, ஜன்னல் வரவேண்டிய சுவரில் ஒரு நீலப் புடவையை ஆணியடித்துத் தொங்கவிட்டார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பதிலாக அட்டைப் பெட்டிகளை அடுக்கி நடைவழியில் நிறுத்தினார். அந்த அட்டைப் பெட்டியைத் திறப்பதுபோலக் கையை நீட்டி, கதவு எவ்வளவு தூரம் வருகிறது என்று காற்றில் காட்டி, அதற்கு எதிரே யாராவது நின்றிருந்தால் "நவுரு, பிரிஜ்ஜு தொறக்கறேன்" என்பார்.

சுவர்களுக்குக் கோலமாவு. புதுச் சுவர் எங்கே வரப்போகிறதோ அங்கே மாவால் கனமான கோடு இழுப்பார். கதவு வரும் இடத்தில் மட்டும் கோடு விட்டிருக்கும். ஒருமுறை ஓர் அறைக்குக் கோடு இழுத்து முடித்தபோதுதான், கதவுக்கு இடம் விடாமல் நான்கு பக்கமும் அடைத்துவிட்டதையும், தாம் உள்ளேயே நிற்பதையும் கவனித்தார். மகளும் நானும் சிரித்து ஓய்ந்தோம். அவர் சிரிக்கவில்லை. "கொத்தனார் இத்த செஞ்சிருந்தா எவ்ளோ செலவு? நான் ஒரு புடி மாவுல முடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, காலால் ஒரு கதவு திறந்துகொண்டு வெளியே வந்தார்.

நான் அந்த வீட்டின் மேல்தளத்தில் குடியிருந்தவள். சமூகப்பணியில் பட்டம் பெற்று, வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கான ஓர் அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்து அந்த ஊருக்கு வந்திருந்தேன். வாடகைக்கு இடம் கேட்டு நின்ற முதல் நாளே அக்கா முன்பணம் வாங்க மறுத்துவிட்டார்.

"ஒரு பகலு ஒரு ராத்திரி இருந்து பாரும்மா. கூட்ஸ் வண்டி போற சத்தத்த கேளு. கொடியில துணி போட்டு எடுத்துப் பாரு. அப்பறமா புடிச்சிருக்குன்னு சொல்லு."

ஆக, நானும் அந்த வீட்டில் முதலில் ஒரு டம்மியாகத்தான் இருந்தேன். பிறகு என் பெயர் அவர் வாயில் 'மாடி' என்று நிலைத்தது. "மாடி, சாப்ட்டியா?" "மாடி, மோட்டாரு போடப்போறேன், பக்கெட்டு வெய்யி." எனக்கு முன்னால் குடியிருந்த கவரைப்பேட்டைக்காரரும் மாடிதான்.

இந்த வழக்கம் எனக்கு உடனே பிடித்துப்போனது என்று சொல்ல முடியாது. பகலெல்லாம் நான் போய்வந்த இடங்கள் தகரக்கூரை போட்ட ஒற்றை அறைகள். ஓர் அறையில் ஐவர், அறுவர். அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். ஒரு பலகையை ஆணியடித்து மாட்டவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். அங்கிருந்து திரும்பி வந்து, ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவு இடப்பக்கம் திறக்குமா வலப்பக்கம் திறக்குமா என்று மூன்று பேர் அட்டைப் பெட்டி முன்னால் வாதிடுவதைப் பார்க்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. அக்காவிடம் பிடிவாதமும் மிகுதி. டம்மிக்கு உட்படாதவர் வீட்டுக்கு உட்படாதவர் என்பது போலப் பேசுவார். கொத்தனார் ஒருவர் வேலை பேச வந்து, இல்லாத சுவரைச் சுற்றிப் போகச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்: "யக்கா, ஊடு கட்டற ஆளுன்னு வந்தேன். நாடகத்துல சேத்துட்டியே!"

அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைத்தேன். தொழிற்பேட்டையில் உலோகத் தகடுகளை அழுத்தி வடிவம் எடுக்கும் ஓர் ஆலையில் பிரஸ் இயந்திரத்தில் நெடுங்காலமாக வேலை செய்தவர். ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர், பேசினால் கேலியாகப் பேசுபவர். காலையில் நாஷ்டாவுக்கு உட்காரும்போது செய்தித்தாளின் பொடி எழுத்து விளம்பரங்களைக்கூட உரக்கப் படிப்பார். சட்டைப் பொத்தானுக்குத் தாமே ஊசியில் நூல் கோத்துத் தைத்துக்கொள்வார். மகள் வீட்டுச் சாதனங்கள் தயாரிக்கும் ஓர் ஆலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவுடன் கைப்பேசியைத் திறந்து, வீட்டை அழகாக்கும் யோசனைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் படங்களை நானும் அவளோடு சேர்ந்து பார்த்ததுண்டு. ஒளிரும் தரை, மறைவிளக்குகள், மேசையில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். அவற்றுள் ஒன்றிலும் மனிதர்கள் இல்லை என்பது பல நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. யாரும் நடக்காத அறைகள் அவை. அக்காவின் தொல்லையான வழக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு தோன்றத் தொடங்கியது அந்த நாளில்தான். அவருடைய ஒவ்வொரு டம்மியிலும் ஆட்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

மகள் அடுத்ததாகக் கொண்டுவந்த யோசனை கண்ணாடித் தடுப்பு. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒன்றும் இல்லை. பழவேற்காட்டு மீன் வறுத்தால் மெத்தைக்கும் மணம் வரும். எனவே நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒரு கண்ணாடிச் சுவர். அதில் நகர்த்தும் கதவு. கூடத்தின் தரை மட்டும் ஒரு படி தாழ்வாக. படம் அழகாகவே இருந்தது. மாமாவும் தலையசைத்தார்.

"பொண்ணு ஆசப்படுதுமே. செஞ்சிடலாம்."

"செய்லாம். டம்மி போட்டுட்டு செய்லாம்" என்றார் அக்கா.

கூடத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது. வலப்பக்க ஓரத்தில் கதவுக்கு இடம். கோட்டைத் தாண்டி நடப்பவர் சுவருக்குள் புகுந்தவர். அவர்தான் அன்று மாலை எல்லாருக்கும் டீ போட வேண்டும். இது மகள் வைத்த அபராதம்.

முதல் நாள் மாமா நேராக வந்து கோட்டை மிதித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"நைனா! கண்ணாடிய ஒடச்சிட்ட!" என்று மகள் கைதட்டினாள்.

மாமா திரும்பிப் பார்த்து, உடைந்த கண்ணாடியைப் பெருக்குவதுபோலக் கையால் பாவனை செய்துவிட்டு டீ போடப் போனார். மறுநாளும் அவர்தான் டீ போட்டார். அதற்கு மறுநாளும் அவர்தான். "ஊட்டுக்கு ஒரு டீ மாஸ்டர் கெடச்சாருப்பா" என்று மகள் சொல்ல, "டப்பு வெய்யி, நாளைலேர்ந்து ஓசி டீ கெடையாது" என்று அவர் திருப்பிச் சொல்ல, கூடம் சிரிப்பாக இருந்தது. நானும் படியில் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்துச் சிரித்தவள்தான்.

அக்கா மட்டும் நான்காம் மாலை சிரிக்கவில்லை. டீத் தம்ளரை மாமா மேசையில் வைத்தபோது அது விளிம்பில் பாதிதான் அமர்ந்தது. விழுவதற்குள் அக்கா பிடித்துவிட்டார். தம்ளரை உள்ளே தள்ளி வைத்தார். தம்ளரை அல்ல, மாமாவின் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

அதன்பின் மாமா தவறவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, வலப்பக்கம் ஒதுங்கி, கதவுக்காக விட்ட இடத்தில் சரியாக நுழைந்து அடுப்படிக்குப் போகத் தொடங்கினார். "கத்துக்கினேன் பாரு" என்று மகளைச் சீண்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அக்கா அந்தக் கோட்டைத் துடைத்தார். கதவை இடப்பக்கம் வைத்தால் நன்றாக இருக்குமோ என்று அவருக்கு ஓர் ஐயம். பழைய கோடு ஈரத்துணியில் போயிற்று. புதுக் கோட்டை அடுப்படிப் பக்கமாக இரண்டடி தள்ளி, கதவு இடப்பக்கம் வருமாறு இழுத்தார். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை என்று பின்னர் என்னிடம் சொன்னார். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. அந்தத் தம்ளர் அவர் மனத்தில் விளிம்பில்தான் இருந்திருக்கும்.

மாமா வேலையிலிருந்து வந்தார். மகள் சோபாவில் இருந்தாள். வாடகை கொடுக்க வந்த நான் வாசல் ஓரம் நின்றிருந்தேன்.

"இன்னிக்கும் எனக்கு டீ நீதாம்மா போடணும்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே மாமா வலப்பக்கம் ஒதுங்கினார். பழைய கோடு இருந்த இடத்துக்கு முன்னால் மரியாதையாகத் திரும்பி, சுவரை ஒட்டியே போய், இப்போது அங்கே இல்லாத கதவுக்குள் தோளைக் குறுக்கி நுழைந்தார். அடுத்த இரண்டு எட்டில் புதுக் கோட்டை மிதித்துக் கடந்தார். வெள்ளை மாவு அவர் காலில் ஒட்டி அடுப்படி வரை போயிற்று.

"பாத்தியா, இடிக்காம வந்தேன்!"

மகள் சிரிக்க வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள். மாமா அந்த அமைதியைக் கேட்டார் என்று நினைக்கிறேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

அக்காதான் பேசினார். "நாந்தான் தோத்தேன். டீ நான் போடறேன், நீ குந்து."

அன்று மாலை கொடியிலிருந்து துணி எடுக்கும் சாக்கில் அக்கா மேலே வந்தார். துணிகளைத் தட்டித் தட்டி மடித்தார்.

"மாடி, பேப்பரு படிக்கறாரு. ஊசியில நூலு கோக்கறாரு. அப்பறம் எப்டி அந்தக் கோடு தெரியல? மனசுல பாடம் பண்ணிக்கினு நடந்துகிறாரு."

எங்கள் அறக்கட்டளை நடத்திய கண் பரிசோதனை முகாம்களில் நான் கண்டிருந்ததை அவரிடம் சொன்னேன். சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் கூடி, ஓரப் பார்வை வலியில்லாமல் சுருங்கிக்கொண்டே வரும். நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் இருப்பதும் காலடியில் இருப்பதும் மறையும். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் படித்துவிடுவார்கள். ஆலையில் ஆண்டுதோறும் நடக்கும் சோதனையில் மாமா தேறியதும் அப்படித்தான் இருக்கும்.

சொல்லச் சொல்ல நாங்கள் இருவரும் ஒன்றோடொன்றாகக் கோத்துப் பார்த்தோம். இரண்டு சக்கர வண்டியைப் 'பெட்ரோல் குடிக்குது' என்று விற்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் போகத் தொடங்கியது. 'இந்த ஃபோர்க்லிஃப்ட்டுக்காரனுங்க எங்கேர்ந்துதான் வந்து நிப்பானுங்களோ' என்று அடிக்கடி திட்டியது. பளு தூக்கும் அந்த வண்டிகள் ஆலைக்குள் பக்கவாட்டில்தான் வரும். பிரஸ்ஸுக்குள் தகட்டை வைக்கும் கையும் பக்கவாட்டில்தான் இருக்கும்.

"ஆலையின் பாதுகாப்பு அதிகாரியிடம் நான் பேசட்டுமா?" என்று கேட்டேன்.

அக்கா மடித்த புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சொன்னா வேல போவும். சொல்லலன்னா கை போவும். ரெண்டுத்தையும் தட்டுல வெச்சு எங்கிட்ட நீட்டினா நான் எத்த எடுக்கறது, மாடி?"

ஒருவருடைய உடல் பற்றிய செய்தியை அவரைக் கேட்காமல் அவர் முதலாளியிடம் சேர்ப்பது எவ்வகையிலும் சரியாகாது; தெரிந்தும் நாள் கடத்துவது அதைவிடப் பெரிய தவறாகிவிடக் கூடும்.

"நீங்களே மாமாவைக் கேட்டுப் பாருங்களேன், அக்கா."

"கேட்டா இல்லம்பாரு. ஒரு தபா இல்லன்னு சொல்லிட்டா மனுசன் அதுலயே நின்னுடுவாரு. அப்பறம் ஆண்டவனே வந்தாலும் ஆசுபத்திரிக்கு வரமாட்டாரு." துணிகளைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கியவர் பாதியில் நின்றார். "ரெண்டு நாளு குடு. அப்பறம் உன் இஷ்டம்."

மாமாவுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கட்கிழமை அவர் முதல் ஷிப்டுக்குப் போனார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. கூட்டம் ஒன்று தள்ளிப்போயிருந்தது. மதியம் மோட்டார் போடச் சொல்லக் கீழே இறங்கினேன். அக்கா அடுப்படியில் இருந்தார். ஆலையில் மாமாவுக்குக் கொடுத்த பழைய பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்திருந்தார். அதன்மேல் முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டி, இரண்டு கண்ணுக்கும் நேரே ஒரு மிளகளவு துளை மட்டும் விட்டிருந்தார்.

"அக்கா?"

குரல் வந்த பக்கம் தலையை முழுதாகத் திருப்பித் தேடித்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

"பக்கத்துல நிக்காத மாடி. இடிச்சுக்குவேன்."

அடுப்பு மேடையின்மேல் கவிழ்ந்த பருப்பு துடைக்கப்படாமல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு சிராய்ப்பு; பீரோவின் கதவு திறந்திருந்தது. மாமா காலையில் புறப்பட்டதிலிருந்து அதைக் கழற்றவில்லை என்றார். கடைக்கும் அப்படியே போகப் பார்த்தாராம். தெருமுனையில் ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போனதும் திரும்பிவிட்டாராம். "நெடுஞ்சாலைய தாண்டி வராரு, தினமும்" என்று மட்டும் சொன்னார்.

நான் போய்விடலாம் என்று திரும்பியபோது வாசலில் செருப்பு கழற்றும் ஓசை கேட்டது. மாமா அன்று சற்று முன்னதாகவே வந்துவிட்டார். அக்கா வழக்கம்போலத் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவர் இடப்பக்கமிருந்து, மாமா வலப்பக்கமிருந்து. இருவரும் நேரே மட்டும் பார்த்து வந்தார்கள். மாவுக்கோட்டின் நடுவில், தோளோடு தோள் மோதிக்கொண்டார்கள். சொம்பு உருண்டது. தண்ணீர் கோட்டைக் கரைத்துக்கொண்டு ஓடியது.

"இன்னாமே, பாத்து வரக்கூடாதா?"

"நீ பாத்து வந்தியா?"

மாமா ஏதோ கேலியாகச் சொல்லப் போனார். அதற்குள் அவர் பார்வையின் நேரே அக்காவின் முகம் வந்துவிட்டது. கையை நீட்டி அந்தக் கண்ணாடியைத் தொட்டார். டேப்பைத் தடவினார். விரல் துளையில் வந்து நின்றது.

"இன்னாது இது?"

"டம்மி."

"எதுக்கு டம்மி?"

"உன் கண்ணுக்கு."

தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது முழுதும் போய் முடியும் வரை மாமா அந்த டேப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினேன்.

"எவ்ளோ நேரமா போட்டுக்கினு கீற?"

"காலைல நீ போனதுலேர்ந்து."

"கயட்டு."

"நீ கயட்ட முடியுமா?"

மாமா ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். அக்காவும் கையால் துழாவி அவருக்கு எதிரே உட்கார்ந்தார். மாமா கேட்டார்; புது வீடு பார்த்துவிட்டு வந்தவரிடம் கேட்பது போன்ற குரல்.

"எப்டி கீது?"

"நேரா கீறது நல்லா தெரியுது. உன் மூஞ்சி தெரியுது. தரை தெரியல. பக்கத்துல யாரு நின்னாலும் தெரியல. ரோட்ல எப்டிய்யா போற நீ?"

"சத்தத்த வெச்சுக்கினு."

"கம்பெனில? அந்த ஃபோர்க்லிஃப்ட்டுக்காரனுங்க?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "அவனுங்க ஒயுங்காத்தான் வரானுங்கமே. எனக்குத்தான் தெரியல."

அக்கா அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். டேப் ஒட்டிய இடத்தில் முகத்தில் இரண்டு சிவந்த வட்டங்கள்.

சென்னையில் ஒரு கண் மருத்துவமனைக்கு மூவரும் போனார்கள். போன பார்வை திரும்பாது என்றும், மீதமிருப்பதை மருந்துச் சொட்டுகளால் காக்க முடியும் என்றும் மருத்துவர் சொன்னார். ஆலையில் மாமா தாமே சொன்னார்; நான் உடன் போனது பேச்சுத் துணைக்கு மட்டுமே. மேலாளர் கைகளைக் கோத்துக்கொண்டு யோசித்தபோது மாமா சொன்ன சொல் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "ஸ்டோர்ல ஒரு வாரம் டம்மியா வெச்சிப் பாருங்க சார். சரிவந்தா வெச்சுக்கங்க." அந்த மேலாளர் அவரைப் பிரஸ்ஸிலிருந்து பொருட்கிடங்குக்கு மாற்றி வைத்துப் பார்த்தார். சரிவந்தது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் எவருக்கும் உறுதி சொல்ல மாட்டேன்; நடக்காத இடங்களையும் என் வேலையில் பார்த்திருக்கிறேன். இங்கேயும் மிகைநேர ஊதியம் போயிற்று. கண்ணாடித் தடுப்புக்கென்று எடுத்துவைத்திருந்தது மருந்துக்கும் பயணத்துக்கும் கரைந்தது.

ஆயினும் மகளின் சம்பளத்தில் வீடு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மகள் மீண்டும் கைப்பேசியில் தேடினாள். இம்முறை வேறு சொற்களை இட்டு. கண்ணாடிச் சுவர் இல்லை, தாழ்ந்த கூடம் இல்லை. வெளிர்மஞ்சள் தரை போட்டு, சுவரும் தரையும் சேரும் இடமெல்லாம் கறுப்புப் பட்டை ஓடவிட்டார்கள். அடுப்பு மேடையின் விளிம்புக்கு வேறு நிறம். திறந்து கிடந்து காலில் இடிக்கும் கதவுகளுக்குப் பதிலாக அலமாரிகளுக்கு நகரும் கதவுகள். குளியலறைக்குப் போகும் வழியில் முழங்காலுயரத்தில் ஒரு விளக்கு. வாசற்படியின் ஓரத்தில் சொரசொரப்பான கல். கறுப்புப் பட்டையின் அகலத்தை முடிவு செய்ய அக்கா டேப்பையே ஒட்டி ஒரு வாரம் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் மாமா நடந்து பார்த்து, "இது தெரியுது", "இது தெரியல" என்று சொல்ல, மகள் ஆலையில் பொருளைத் தேர்வு செய்வது போலத் தலையசைத்துத் தேர்ந்தாள்.

பின்னர் எனக்குத் திருவள்ளூருக்கு மாற்றல் வந்தது. போன மாதம் ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டி போனவள் அவர்களைப் பார்க்கச் சென்றேன். மாடியில் இப்போது ஒரு மின்பணியாளர் குடும்பம். அவரும் 'மாடி'தான் என்று கீழிருந்து வந்த குரலில் தெரிந்தது. என்னை அக்கா 'பழைய மாடி' என்றார்.

மாமா டீ போடப் போனார். கூடத்தில் எந்தத் தடையும் இல்லை. வாசலிலிருந்து அடுப்படி வரை மஞ்சள் தரை ஒரே வெளியாகக் கிடந்தது. அவர் நேராகப் போகவில்லை. கூடத்தின் நடுவுக்கு முன்னால் வலப்பக்கம் ஒதுங்கி, சுவரை ஒட்டி நடந்து, ஓரிடத்தில் தோளைக் குறுக்கி நுழைந்து அடுப்படிக்குள் போனார்.

"இன்னும் அந்தக் கோடு நினைவிருக்கிறதா மாமாவுக்கு?" என்று மெல்லக் கேட்டேன்.

"இடிக்காம வந்தேன்னு ஒரு நாளு பெருமையா சொன்னாரு இல்ல, அதுலேர்ந்து அப்டியேதான். வுடு" என்றார் அக்கா.

உள்ளேயிருந்து சர்க்கரை டப்பா எங்கே என்று மாமா கேட்டார். "தோ வரேன்" என்று அக்கா எழுந்தார். ஓரப் பார்வையில் எந்தக் குறையும் இல்லாதவர். அங்கே சுவர் இல்லை என்பதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர். வலப்பக்கம் ஒதுங்கி, சுவரை ஒட்டி நடந்து, அதே இடத்தில் தோளைக் குறுக்கி நுழைந்து உள்ளே போனார்.

டீ குடித்து முடித்ததும் தம்ளரைக் கழுவி வைக்க எழுந்தேன். நானும் சுற்றித்தான் போனேன்.